கொதிக்க வைக்காத ஓக் கொட்டைகள்

விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் வாய் திறக்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைமையாசிரியர் மியாஷிதா அவர்களே! கோயில் காட்டைக் கண்ணின் மணியாகக் காத்து, ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் ஊர்ப் பெரியவர்களே! விடியுமுன் எழுந்து சோற்றுருண்டை பிடித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தச் சில்லென்ற மரத்தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் முதல் வகுப்பு முத்துக்களே! இன்று அவர்களின் விருந்தாளிகளாக வந்திருக்கும் மழலையர் பள்ளி மொட்டுகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஹோஷினா வாத்தியாரின் இலையுதிர்கால வணக்கம்!

'பழைய இனிய நினைவுகளைப் பேசுங்கள்' என்று கடிதம் எழுதியிருந்தீர்கள். பேசுகிறேன். இனிப்பு முதலில், கசப்பு பிறகு.

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு இதே பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது. மீசை முளைத்த அளவுக்குப் புத்தி முளைக்காத வயது! என் முதல் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். ஆகா, அந்த அக்டோபரை எப்படிச் சொல்வேன்? கணக்குப் பாடம் எது? உதிர்ந்த கிங்கோ இலைகளைப் பத்துப் பத்தாக எண்ணியது! மொழிப் பாடம் எது? ஜன்னலில் வந்து உட்கார்ந்த செந்தும்பிக்குக் கடிதம் எழுதியது! அறிவியல் பாடம் எது? தோட்டத்தில் சர்க்கரைவள்ளி தோண்டியது! கிழங்கு வந்ததோ இல்லையோ, பாதித் தோட்டம் வகுப்புக்குள் வந்துவிட்டது. கூட்டிப் பெருக்கியதும் அந்தப் பிள்ளைகள்தான். அந்த மண்வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது, நண்பர்களே. நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, நிறைந்த இடத்திலேயே வலிக்கவும் செய்கிறது.

ஏன் வலிக்கிறது? சொல்கிறேன்.

முதல் வகுப்பின் இலையுதிர்கால விழா என்றால் என்ன? பிள்ளைகள் கடை போடுவார்கள். ஓக் கொட்டையில் பல்குச்சி செருகிய பம்பரம், பைன் காய் வளையம், இலைக் கிரீடம். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் வந்து விளையாடுவார்கள். அதுவரை ஊரிலேயே சின்னதாக இருந்த பிள்ளை, அன்றுதான் முதன்முதலாக இன்னொரு பிள்ளைக்குப் பெரியதாகிறது!

என் வகுப்பில் சிசாதோ என்று ஒரு சிறுமி. வீட்டில் ஒற்றைப் பிள்ளை, தெருவிலேயே கடைக்குட்டி. இரண்டு வாரமாக என்னை நச்சரித்தாள். "சார், என்னை யாருமே அக்கான்னு கூப்பிட்டதில்ல. அன்னிக்குக் கூப்பிடுவாங்கதானே?"

"கூப்பிடாம என்ன? கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் காது புளிச்சிடும் பாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை கோயில் காட்டுக்குப் போனோம். சிசாதோவின் பைதான் பெரிது. தொப்பி கழலாத, பளபளக்கும் கொட்டைகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். திரும்பி வந்ததும் பக்கத்து வகுப்பு ஆசிரியை தகிஸாவா அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இன்னிக்கே கொதிக்க வச்சிடு. உள்ள புழு இருக்கும். மறந்துடாதே."

"சரிங்கம்மா" என்றேன். செய்தேனா? செய்யவில்லை! கொதிக்க வைத்தால் பளபளப்புப் போய்விடுமே! பளபளக்கிற பம்பரம் வேண்டும் எனக்கு, பாராட்டு வேண்டும் எனக்கு! அட்டைப் பெட்டியில் கொட்டி மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சிரிக்கிறீர்கள், ஆசிரியைகளே! உங்களுக்குத்தான் முடிவு தெரியுமே! சிரியுங்கள், சிரியுங்கள். ஊரில் ஓக் கொட்டை பொறுக்கிய எந்த வாத்தியாருக்கும் தெரிந்த பாடத்தை நான் செவ்வாய்க்கிழமை காலையில் படித்தேன்.

பெட்டியைத் திறந்தால் புழு! வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று, கொட்டையைத் துளைத்துக்கொண்டு வந்த புழு! மேசையில் புழு, தரையில் புழு, வகுப்புக்குள் பிள்ளைகள் போடும் காலணிக்குள் புழு! பத்தொன்பது தொண்டைகளும் ஒரே நேரத்தில் அலறின. தலைமையாசிரியர் ஓடி வந்தார். (பயப்படாதீர்கள் மியாஷிதா அவர்களே, அவர் வேறு, நீங்கள் வேறு.) "என்ன அநியாயம் இது? நாளைக்கு விழாவ வச்சுக்கிட்டு! இது எப்படி ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் ஒரு பையன் கத்தினான். "சிசாதோ கொண்டாந்ததுதான் சார்! அவ பைதான் பெருசு! புழுப்பை சிசாதோ!"

சிசாதோ என்னைப் பார்த்தாள். எனக்கோ முதல் வருட வேலை. ஓராண்டு பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். 'தவறு என்னுடையது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு! அந்த ஒரு மூச்சு எனக்கு வரவில்லை, பெரியோர்களே. துடைப்பத்தை எடுத்துப் புழுவைப் பெருக்கத் தொடங்கினேன்.

மாலையில், வீட்டுக்குப் போகுமுன் வழக்கமாக நடக்கும் வகுப்புக் கூட்டம். சிசாதோவே எழுந்து எல்லார் முன்னாலும் இடுப்பு வளையக் குனிந்தாள். "புழுக் கொட்டை கொண்டாந்துட்டேன். எல்லாரும் மன்னிச்சிடுங்க." ஆறு வயது! அவள் மன்னிப்புக் கேட்டாள், நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மீதிக் கொட்டைகளைக் கொதிக்க வைத்தேன். மறுநாள் விழா நடந்தது. ஊரே மெச்சியது. சிசாதோ வரவில்லை. வயிற்றுவலி என்று அவள் அம்மா தொலைபேசியில் சொன்னார். யாரும் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. அந்த விழா அவளுக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. அதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வேலை நிரந்தரமானது.

அந்த சிசாதோ இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவள் மகன் இன்று வளையக் கடைக்காரன். நேற்று அவள் வீட்டு வாசலில் நின்று, "மேடையில சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டேன். "சொல்லுங்க சார். ஆனா அழக் கூடாது. நீங்க அழுதா சின்னப் பசங்க மிரண்டுடுவாங்க" என்றாள். அழமாட்டேன்.

அன்று அந்த வகுப்பில் இருந்தவர்களில் பதினோரு பேர் இன்று தாயாக, தந்தையாக இங்கே இருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன். அவள் மீது பழி விழுந்தது உங்கள் முன்னால். ஆகவே உங்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். புழு அவள் பையிலிருந்து வந்ததா? ஊரில் எல்லாக் கொட்டையிலும்தான் புழு! அதைக் கொதிக்க வைக்காதவன் யார்? நான்! எச்சரித்தும் கேளாதவன் யார்? நான்! ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட வாத்தியார் யார்? நான், நான், நானே! பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கக் கற்றுத்தருகிறோமே, அதை முதலில் கேட்கவேண்டியவர்கள் நாமல்லவா? சிசாதோ, நீ எந்தத் தவறும் செய்யவில்லை. என்னை மன்னித்துவிடு. இதோ, குனிகிறேன்.

வேண்டாம், கைதட்டாதீர்கள். கைதட்டலுக்குரிய காரியம் இல்லை இது.

யார் அது, பின்னால் எழுந்து நிற்பது? ஊர்ப் பேருந்து ஓட்டும் எய்தாவா? என்னப்பா சொல்கிறாய்? "கத்தினது நான்தான் சார். நானும் குனியறேன்" என்கிறாயா? குனி, நன்றாகக் குனி!

என்ன சிசாதோ, நீயும் எழுந்துவிட்டாய்? கொஞ்சம் உரக்கச் சொல்லம்மா, பெரியவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்டீர்களா சபையோரே, அவள் சொல்வதை? "போதும், ரெண்டு பேரும் நிமிருங்க! கொழந்தைங்க எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்காங்க! நான் வேணா கூட்டிட்டுப் போறேன். வாங்கடா செல்லங்களா, அக்காகூட வாங்க!"

போங்கள், பிள்ளைகளே, அவள் பின்னால் போங்கள்! பேசவிட்ட அவைக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி. எல்லாருக்கும் என் வணக்கம். நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன்.