இலையைச் சுற்றி வெள்ளை

எனக்குப் பச்சை நிறம் அவ்வளவாகப் பிடிக்காது. லாகோஸில் எந்தப் புதுக் குடியிருப்பு வந்தாலும் விளம்பரப் பலகையில் பச்சையை அப்பிவிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு செடி இருக்காது. ஆனால் காயலோரம் கட்டவிருந்த அடுக்குமாடிகளுக்குப் பேரும் சின்னமும் வேண்டுமென்று பாம்போஷே என்னைக் கூப்பிட்டபோது, நானும் பச்சையில்தான் போய் விழுந்தேன்.

பேர் 'இதுரா'. எங்கள் யொரூபா மொழியில் ஆறுதல் என்று அர்த்தம். சின்னம், ஒற்றை இலை. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஐயா. இதைவிட நல்ல சின்னம் நான் போட்டதில்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாம்போஷே கட்டுமான நிறுவனத்தின் மேலாளர். குரலை உயர்த்தாத மனிதர். அவர்கள் கட்டப்போகிற இடத்தில் ஏற்கெனவே முந்நூறு வீடுகள் இருந்தன. காலி செய்ய மறுப்பவர்களின் வீட்டை, வழக்கு முடியும்வரை தொடக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. மறுப்பவர் யாரென்று சுவரைப் பார்த்தாலே தெரியும். இந்த ஊரில் வீட்டுக்காரன் வெளியூர் போய்த் திரும்புவதற்குள் எவனாவது ஒருவன் அந்த வீட்டை விற்றுவிடுவான். அதனால் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல' என்று வாசல் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைப்போம். அந்த எழுத்தையே மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே குடியிருந்தவர்களுடைய வக்கீல் வாதாடி ஜெயித்துவிட்டார்.

பாம்போஷே என்னிடம் கேட்டது இரண்டு. ஜனங்களே ஆசைப்பட்டுச் சுவரில் வரைந்துகொள்கிற சின்னமாக இருக்க வேண்டும். இடிக்கிற இயந்திரத்தின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.

"இடிக்கற வீட்டுல சிவப்புல பெருக்கல் குறி போட்டா கூட்டம் கூடுது, கேமரா வருது. அழகா ஒண்ணு குடுங்க, ஃபோலாரின்" என்றார்.

இரண்டாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. புரிந்துவிட்டதால் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து இலையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன்.

இலை வரைந்த குடும்பத்துக்குத்தான் முதலில் வீடு என்று தெருவில் சொல்லச் சொன்னார்கள்; சொன்னேன். எந்தச் சின்னத்துக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. எந்தப் பச்சை, எவ்வளவு உயரம், சுற்றிலும் எவ்வளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். எங்கள் இலையைச் சுற்றி இரண்டு முழம் வெள்ளை என்று எழுதினேன். வாசல் சுவரில் அவ்வளவு வெள்ளை வேண்டுமென்றால் பழைய எழுத்து போயாக வேண்டும். அழிக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை என்று வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனை வீடு ஈயா பிசாயோவுடையது. பிசாயோவின் அம்மா என்று அர்த்தம். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. காலையில் வாசலில் உட்கார்ந்து அக்கரா வடை சுடுவார். சத்தம் போடுகிறவர்களை அதட்டிக்கொண்டே சுடுவார், ஏனென்றால் பின்னறையில் டெர்சூ தூங்குவார். வாடகைக்கு இருந்தவர். இரவெல்லாம் ஒரு கிடங்குக்குக் காவல், பகலெல்லாம் தூக்கம். அதட்டினாரே தவிர, அதற்குத் தேவை இருக்கவில்லை.

"தலைமாட்டுல ஜெனரேட்டர் ஓடும், இவன் குறட்டை அதுக்கு மேல கேக்கும். இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சுவரைப் பற்றிப் பேசப்போனபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் சாகறதுக்கு முன்னால எழுதுனது தம்பி. அத அழிச்சா வீடு அம்மணமா நிக்கிற மாதிரி இருக்கும்."

"முதல் சாவி உங்களுக்குத்தான், ஈயா" என்றேன்.

மறுநாள் அவரே சுண்ணாம்பு கரைத்து அடித்தார். இலையையும் அவரே வரைந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கிளம்பும்போது ஆறு வடை பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வண்டியிலேயே தின்று முடித்தேன்.

விசேஷமென்றால் குடும்பத்தார் எல்லாரும் ஒரே துணியில் உடுத்தி வருவது எங்கள் வழக்கம். இலை அச்சிட்ட துணியை வீட்டுக்கு வீடு கொடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த மாதிரி வீட்டைப் பார்க்க எல்லாரையும் பேருந்தில் கூட்டிப்போய்ச் சாப்பாடும் போடுவது என்பது என் யோசனை. நாள் குறித்தது பாம்போஷே. அன்று காலை தெரு முழுக்கப் பச்சை. ஈயா பிசாயோ அதே துணியில் தலைக்கட்டும் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி வந்து பேருந்தில் ஏறினார். ஏறியவர் திரும்பினார்.

"டெர்சூ இப்பத்தான் வந்து படுத்தான். அவனக் கொஞ்சம் பாத்துக்க தம்பி."

சரி என்றேன்.

டெர்சூவை அடக்கம் செய்த அன்றும் அவர் அந்தப் பச்சைத் துணியில்தான் நின்றார். மாற்றுத்துணியெல்லாம் வீட்டோடு மண்ணுக்குள் போயிருந்தது. என்னைப் பார்த்து, "மறந்துட்டியா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையை இன்றுவரை எனக்குப் பார்க்கப் பிடிப்பதில்லை.

நான் மறக்கவில்லை, ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இயந்திர ஓட்டுநர், என்னிடம் கேட்டேன் என்று சொன்னார். அவரை யாரும் நம்பவில்லை. மூன்று மாதமாக ஜெயிலில் இருக்கிறார்.

பேருந்துகள் போன பிறகு, இலை இருக்கிற வீடுகளை இடிக்கச் சொல்லி அனுப்பியிருந்த இயந்திரம் முனை வீட்டின் முன்னால் வந்து நின்றது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"அண்ணே, உள்ள ஆளு யாரும் இல்லையே?"

முதல் வீட்டிலேயே வேலை நின்றால் அன்று தெரு முழுக்க நின்றுவிடும். சாயங்காலம் பேருந்துகள் திரும்பிவிடும். சத்தத்தில் டெர்சூ எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்ததாக எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்தேன். ஜெனரேட்டருக்கே எழாதவர்.

"இலை இருக்கே, தெரியலையா?" என்றேன்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுற்றிலும் இரண்டு முழம் வெள்ளை விட்டிருந்ததால் நன்றாகவே தெரிந்தது.