உக்குவளைக்கும் மாத்தளைக்கும் நடுவே

மலை செய்வதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்தான் நல்லது. மற்ற நாள் பேப்பர் பசையில் ஊறினதும் கிழிந்துவிடும். நீங்கள் கழற்றி ஓரமாக வைத்திருக்கிற அந்த மலைக்குள் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய இருக்கின்றன, மருமகன். அவசரப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நிக்காஹ் இன்னும் ஆகவில்லை என்றாலும் நான் உங்களை மருமகன் என்றுதான் கூப்பிடுவேன். அன்ஸாப் என்று பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பிளேன்டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அன்றைக்கு மோட்டார் கருகிச் சுரங்கத்துக்குள்ளே இந்தச் சின்ன ரயில் வண்டி நின்றுவிட்டது என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். இன்றைக்கு நீங்கள் மலையைத் தூக்கினீர்கள், வண்டியைப் பார்த்தீர்கள், சும்மா வேகக் குமிழைத் திருகினீர்கள். வண்டி தடங்கல் இல்லாமல் கிளம்பி, வாசற்பாலத்தைத் தாண்டி, மாத்தளையில் போய் நின்றது. மின்சார வேலை தெரிந்த ஆளிடம் பூசி மெழுகி என்ன பயன்? ஆற அமரச் சொல்கிறேன்.

முதலில் இந்த அறை உங்களுக்கு விளங்க வேண்டும். ஜன்னல் பக்கம் கண்டி நிலையம். அடுத்த சுவரில் வத்துகாமம். என் மேசை இருக்கிற இடம் உக்குவளை. அதைத் தாண்டினால் மூலையில் மலை, சுரங்கம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் நேரே வாசல், அதைத் தாண்டி அறையின் மறுபக்கம் மாத்தளை. வாசலை மறித்துத் தண்டவாளம் போகிறதே, அதற்காகத்தான் இந்தத் தூக்குப்பாலம். கதவு உள்ளே திறக்கிற கதவு. பாலம் இறங்கியிருந்தால் கதவு திறக்காது. பாலத்தைத் தூக்கினால்தான் ஆள் போகலாம், வரலாம்.

நான் ஹார்ட்வெயார் கடைக்காரன். வயர், பெயின்ட், ஆணி எல்லாம் கையோடு இருந்தன. மற்றதெல்லாம் வீட்டாருடைய வேலை. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைகளை ஈர்க்கில் வெட்டினோம். மண்ணுக்குப் பதிலாகத் தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினோம். மாத்தளை மேடையில் நிற்கிற ஆட்களெல்லாம் என் மனைவி ஹமீமா தீக்குச்சியில் துணி சுற்றிச் செய்தவர்கள். முக்காடு போட்ட ஒருத்தி பையோடு நிற்கிறாள் பாருங்கள், அது அவளேதான். தன்னைக் கொஞ்சம் மெலிவாகச் செய்துகொண்டாள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்றதும் எல்லோரும் மேலே வந்துவிடுவோம். மகள் றிப்கா கண்டி, அவளுடைய நானா, என் மூத்த மகன் ஸியாம் வத்துகாமம், ஹமீமா மாத்தளை. வண்டியும் உக்குவளையும் என் பொறுப்பு. மற்ற வாப்பாமார் பிள்ளைகளை எங்கெங்கோ கூட்டிப் போனார்கள். நான் வீட்டுப் படி இறங்காமலே என் பிள்ளைகளை வாராவாரம் கண்டிக்குக் கூட்டிப் போய் வந்தேன்.

ஒரே ஒரு சட்டம்தான். வண்டி வந்து நின்றதும் அந்த நிலையத்து ஆள் நீளமாக ஒரு பெல் அடிக்க வேண்டும். வண்டி உக்குவளையை விட்டால், மாத்தளை பெல் அடிக்கும்வரை பாலத்தை யாரும் தொடக்கூடாது. சின்ன வயதில் ஸியாம் ஒருமுறை ஒன்றுக்கு அவசரம் என்று பாலத்தைத் தூக்கிவிட்டான். சுரங்கத்தை விட்டு வந்த எஞ்சின் நேரே கீழே விழுந்து உடைந்தது. நான் அடிக்கவில்லை. பிள்ளைகள் மேல் கை நீட்டுகிற ஆள் இல்லை நான். அந்த நோன்பு மாதம் முழுக்க அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. றிப்கா ஒரு நாள் நின்ற இடத்திலேயே உடுப்பை நனைத்துக்கொண்டாள். பாலத்தைத் தொடவில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

ஸியாம் டோஹாவுக்குப் போனதும் வத்துகாமம் வெறிச்சோடியது. அதைத் தாங்கிக்கொண்டேன். பிறகு றிப்காவுக்கு உங்கள் சம்பந்தம் வந்தது. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், அவர்களுக்கென்று ஓர் அறை சோடித்துக் கொடுக்க வேண்டும். ஹமீமா இந்த மாடி அறையைத்தான் கொடுக்க வேண்டும் என்றாள்.

"வேற என்ன அறை ஈக்கி நம்மகிட்ட? உங்கட ரயிலுக்கா கலியாணம் முடிச்சிக் கொடுக்கப் போறோம்?" என்று சிரித்தாள்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவள் அளவு நாடாவோடு வந்து, கண்டிக்கு நேரே கட்டில், வத்துகாமத்துக்கு நேரே அலுமாரி என்று அளந்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அவளுக்குத் தெரியும். பல்லேபொலையில் இருக்கிற அவளுடைய தம்பி றஹீம் கோழிக்கூடு அடிக்கப் பலகை கேட்டாராம். இந்த மேசைப் பலகைகளைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஹமீமா மேல் எனக்குக் கோபம் இருந்ததென்று நினைக்காதீர்கள். அவளை எனக்குப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே அறையில், ஒரே காரியமாக, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது லேசில் கிடைக்கிற காரியமா? அறை போனால் குடும்பம் போய்விடும். அது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. குடும்பத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு ஆம்பிளைக்குத்தானே.

"கடைசியா ஒருக்கா ஓட்டுவோம். பொறகு கழட்டுவோம்" என்று அவளேதான் நாள் குறித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் அறையைத் துப்புரவாக்கினேன். மாத்தளை மேசை இழுப்பறையில் ஹமீமாவின் மருந்துப் பம்ப் இருக்கும். அவளுக்கு மூச்சிழுப்பு வரும், உங்களுக்குத் தெரியும். துடைப்பதற்காக அதை எடுத்தேன். கீழே கொண்டுபோய் பிரிஜ்ஜின் மேல் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படியே சொல்லலாம்.

பிறகு பனிமூட்டத்துக்காகச் சாம்பிராணி போட்டேன். மலைச்சரிவில் புகை தவழ்ந்தால் உக்குவளை உக்குவளை மாதிரியே இருக்கும். ஹமீமா வெகு காலமாக அதை வேண்டாமென்று தடுத்திருந்தாள். கடைசி ஓட்டம்தானே என்று அன்றைக்கு விட்டுவிட்டாள், முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காற்றடித்தால் புகை நிற்காது என்று ஜன்னலை நான் சாத்தியிருந்தேன்.

றிப்கா பாலத்தை இறக்கினாள். வண்டி கண்டியை விட்டது. வத்துகாமத்தைத் தாண்டி உக்குவளை வந்தது. நான் பெல் அடித்து அனுப்பினேன். வண்டி சுரங்கத்துக்குள் போனது.

அப்போது ஹமீமா இருமினாள். இழுப்பறையைத் திறந்தாள், துழாவினாள்.

"பம்ப் எங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

றிப்கா கண்டியை விட்டுவிட்டுப் பாலத்தடிக்கு ஓடினாள். கொண்டியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, தூக்கவா?"

"வண்டி உள்ளுக்கு ஈக்கி மகள். வெளிய வரட்டும்."

"இன்னும் வரல்லியே வாப்பா."

"சூடாகி மெதுவா வருது போல. இப்ப வந்துடும்."

குமிழ் என் கையில் இருந்தது. நான் அதைப் பூச்சியத்தில் வைத்திருந்தேன். சுரங்கத்துக்குள் வண்டி நிற்பது அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற டீச்சர், கலியாணம் முடிக்கப்போகிற பிள்ளை, கொண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள். ஒரு கையால் தூக்குகிற பாலம்தான் அது. நான் அவளை நல்ல முறையில் வளர்த்திருந்தேன்.

ஹமீமா வாசலைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். இத்தனை வருடம் அந்தச் சுரங்கத்தின் சத்தத்தைக் கேட்டுக் காத்திருந்தவள் அவள். வண்டி ஓடவில்லை என்று காதாலேயே கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் சைகை காட்டவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மெதுவாகக் கையை நீட்டி மாத்தளை பெல்லை அடித்தாள். நீளமாக.

"பெல் அடிச்சிட்டாங்க வாப்பா! தூக்கவா?"

"வண்டி எங்க மகள்? வண்டியக் காணல்லியே" என்றேன்.

ஹமீமா இன்னொரு முறை அடித்தாள். பிறகு கை வழுக்கிவிட்டது. ஆட்கள் நின்ற மேடையில் முகத்தை வைத்துச் சாய்ந்தாள். அதன் பிறகுதான் நான், "சரி, தூக்குங்க" என்றேன். றிப்கா ஓடிப்போய்ப் பம்பை எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டு ஜமால்தீன் த்ரீவீலைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது முடிந்திருந்தது.

எனக்கு என்ன தோன்றியதென்று கேட்பீர்கள். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தது, அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மேலே வந்து தண்டவாளத்தைத் துடைப்பேன். அதனால்தான் இன்றைக்கு வண்டி தங்காமல் ஓடியது. வண்டியை மட்டும் நான் நகர்த்தவில்லை. பெல் ஒழுங்காக அடிபடாத ஓட்டம் முடிந்த ஓட்டம் ஆகாது.

றிப்கா ஏன் கலியாணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறாள், ஏன் மாடிப்படியில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள் என்று போன மாதம் கேட்டீர்கள். உம்மாவைத் தான்தான் கொன்றதாக நினைக்கிறாள். "நான்தான் தூக்கல்ல, நான்தான் தூக்கல்ல" என்று தூக்கத்திலும் சொல்கிறாள். நான் மறுத்ததில்லை. "நீங்க சட்டத்தத்தானே மதிச்சீங்க மகள்" என்று ஆறுதல் சொல்வேன். அதைக் கேட்டால் இன்னும் அழுவாள். ஆனால் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. பின்னேரங்களில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆக, புகை போட்டது நான். பம்பை எடுத்தது நான். வண்டியை நிறுத்தியது நான். ஹமீமாவுக்கு மூச்சு நிற்கும்வரை நிறுத்தி வைத்திருந்தேன். இதைப் பொலிசில் சொல்வதென்றால் சொல்லுங்கள், றிப்காவிடம் சொல்வதென்றாலும் சொல்லுங்கள். போகும்போது பாலத்தை நீங்களே தூக்கிக்கொள்ளலாம். வண்டிதான் வந்துவிட்டதே.

ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். நான் மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், மையித்து உயிரோடு இருந்தபோது யாருக்காவது குற்றம் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று பள்ளியில் கேட்பார்கள் அல்லவா? அன்றைக்கும் கேட்டார்கள். நான் முதல் வரிசையில் நின்றேன். வண்டி வராமலே அவள் அடித்த அந்தப் பொய் பெல்தான் ஞாபகம் வந்தது. நான் மன்னித்துவிட்டேன்.