நிலவறை மெழுகுவர்த்தி

டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் சார், பரவாயில்லை. கம்பம்மெட்டுக் குளிருக்கு இனிப்பு நல்லதுதான்.

நான் இன்னாசி. மலைமேல் இருக்கும் துறவு மடத்தில் பூசைக்கான திராட்சை ரசம் தயாரிப்பவன். மடத்தைத் தொடங்கிய பாதிரியார் ஆஸ்திரியாக்காரர். அங்கே ஆற்றங்கரையில் நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிரிட்டுவரும் ஒரு மடத்திலிருந்து பீப்பாய் ரசத்தோடு வந்து இறங்கினாராம். அதிலிருந்து எடுக்க எடுக்க, கம்பத்துப் புது ரசத்தை ஊற்றி நிரப்புவோம். பழையது தீரவே தீராது என்பதுதான் எங்கள் பெருமை. அந்தப் பீப்பாய்க்கு முன்னால் பிஷப்பே தலை குனிவார்.

ஜோஜோ, வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி மடத்தைச் சுற்றிக்காட்ட வேலைக்கு வந்த மலையாளி. நல்ல மனிதர். ஆனால் எதையும் குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். அதனாலேயே எனக்கு முதல் நாளிலிருந்து அவர்மேல் சந்தேகம்.

போன வாரம் கேட்டார். "சேட்டா, இது முழுக்கப் பன்னீர்த் திராட்ச வாசனையாணே. ஆஸ்திரியா எங்கே போச்சு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பெருவெள்ளம் வந்த வருடம் நான் மூடியைச் சரியாக அடைக்காமல் விட்டதில் பழைய ரசம் புளித்துக் காடியாகிவிட்டது. கொட்டிவிட்டு, பன்னீர்த் திராட்சை ரசத்தால் நிரப்பி வைத்தேன். யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் ஆஸ்திரியாவிலிருந்து துறவிகள் வருகிறார்கள். ஒரு குப்பி எடுத்து வைத்து அவர்களிடமே கேட்டுவிடலாம் என்றார் ஜோஜோ. எத்தனை பேருடைய விசுவாசம் சார் அது. ஒருவருடைய மூக்கினால் அது போய்விடலாமா?

அந்தக் குப்பியை நிரப்ப அவர் வந்த அன்று, பீப்பாய் இருக்கும் நிலவறையில் புதுத் திராட்சை நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அப்போது கிளம்பும் காற்று கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தேங்கி நின்று மூச்சை அடைத்துவிடும். அதனால் மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்தபடி இறங்குவது அந்தப் பாதிரியார் விட்டுப்போன பழக்கம். அணைந்தால் திரும்பிவிட வேண்டும். திராட்சை பொங்கும் சமயத்தில் ஜோஜோ இதற்குமுன் இறங்கியதில்லை. சுவர் மாடத்தில் இருந்த மெழுகுவர்த்தியைக் காட்டி, எதற்கு என்று கேட்டார்.

"அது செபஸ்தியாருக்கு நேர்ச்ச தம்பி. ஒங்க கையிலதான் டார்ச் இருக்கே, போங்க."

தெரிந்துதான் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் அவரைத் தொடவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை. ஒரு முறை "சேட்டா" என்று கூப்பிட்டார். பிறகு சத்தமில்லை. கீழே டார்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

உயிரைப் பணயம் வைத்துத் தனியாக இறங்கி அவரைத் தூக்கி வந்தவன் நான் என்று மடத்தில் சொல்லியிருப்பார்கள். தூக்கி வந்தது நான்தான். மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் படியில் அணைந்தது. மேலே வந்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உட்கார்ந்து செபமாலை சொன்னேன். அடிப்படி வரைக்கும் அணையாமல் எரியும்வரை திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன்.

அவசரப்பட்டு நானும் செத்துப்போயிருந்தால், அந்தப் பீப்பாயை யார் சார் பார்த்துக்கொள்வார்கள்?