ஊதா வெளிறும் நேரம்

இலையை நிழலில்தான் காயவைக்க வேண்டும், ஐயா. வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் நல்லதில் பாதி போய்விடும். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சோதனை எளிது. ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைப்போம். சாற்றில், இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே வைட்டமின் சி தூள் இருக்கும். அது சொடக்குப் போடும் நேரத்தில் மஞ்சளாக்கிவிடும்.

அந்த அம்மா ஆராய்ச்சியாளர். நான் பதினெட்டு வருடமாக ஆய்வக உதவியாளன். ஒருநாள் வெளியாட்கள் முன்னால், "இவருக்கு என்ன தெரியும்? ஊத்தச் சொன்னா ஊத்துவாரு, கழுவச் சொன்னா கழுவுவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவருடைய இலைச்சாற்றில் ஒரு சிட்டிகை வைட்டமின் சி சேர்த்தேன். எண்கள் எகிறின. அவர் கருத்தரங்கில் பீற்றிக்கொள்ளட்டும், பிறகு வேறு ஆய்வகம் செய்து பார்த்து மானம் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆனால் எண்களை அவருடைய கணவர் நம்பிவிட்டார். இதய நோயாளி. ஒரு காலையில் அந்த அம்மா என் மேசைக்கே வந்தார்.

"அண்ணே, இன்னொரு தடவை செஞ்சு பாருங்க. எங்க வீட்டுக்காரரு மாத்திரையை நிறுத்திட்டு இந்தச் சாறைத்தான் குடிப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. நான் சொன்னா கேக்கல. எண்ணு குறைஞ்சா காட்டித் தடுத்துடுவேன்."

அண்ணே என்று அவர் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"அதுக்கென்னம்மா, ஊத்தச் சொன்னா ஊத்தப்போறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. பார்க்க நன்றாக இருந்தது.

முதலில் தூள் சேர்க்காமல் செய்தேன், எனக்காக. அரை மணி கழித்துப் பார்த்தால் ஊதா பெயருக்குத்தான் வெளிறியிருந்தது. அந்த மனிதரைத் தடுத்து நிறுத்த அந்த எண் போதும்.

அதைக் கொட்டிவிட்டுக் குழாய்களைக் கழுவினேன். சிட்டிகை சேர்த்து மறுபடி செய்தேன். பளிச்சென்று மஞ்சள். எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் அந்த மனிதரின் இதயம் நின்றுவிட்டது.

இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. சேர்த்தது வைட்டமின் சி. உடம்புக்கு நல்லது.