நிலாவுக்குக் கொடுத்த பத்து மதிப்பெண்

மதிப்பெண் கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

காரைக்காலில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் வேதியியல் பயிற்சிகளைக் கணினித் திரையிலேயே செய்யலாம். குடுவையைத் தொட்டு இழுத்தால் சாயும். எல்லாம் மாணவரின் பிரௌசருக்குள்ளேயே ஓடும். குடுவைகளை வரைந்தவள் நிலா. மதிப்பெண்ணை அங்கிருந்து எடுத்துக் கல்லூரியின் கற்றல் தளத்தில் சேர்க்கும் நிரல் என்னுடையது. அது ஒழுங்காக வேலை செய்தால், அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

நிலாவுக்கு ஊர் குரும்பகரம், எனக்கு விழிதியூர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்தப் பயிற்சிகளின் தொடக்க விழா மேடையில் துறைத்தலைவர் அன்பழகன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். புரொஜெக்டர் வயர் கழன்றுவிடாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ என்னைக் காட்டி யாரென்று கேட்டார்கள்.

"அதுவா, அல்லி. வயரெல்லாம் பாத்துக்குற பொண்ணு" என்றார் அன்பழகன்.

நிலா சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் எம்.எஸ்சி. வேதியியல். அவள் ஓவியம் படித்தவள்.

ஆய்வகத்துக்குள் போக யாராக இருந்தாலும் பாதுகாப்புத் தேர்வில் நூறு எடுக்க வேண்டும். தளத்தில் நூறு இருந்தால்தான் உதவியாளர் நீலமேகம் சாவி கொடுப்பார். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்வதைத் தன் கையாலேயே செய்து படம்பிடிக்க நிலா ஆசைப்பட்டாள். புதன்கிழமை தேர்வு எழுதினாள். எது சரி, எது தவறு என்று திரை சொல்லாது. என் நிரலின் பதிவில் மட்டும் தெரியும். தொண்ணூறு. அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக விட வேண்டும். அவள் திரையில் நீரை அமிலத்தில் ஊற்றியிருந்தாள். நிஜத்தில் அப்படிச் செய்தால் அமிலம் கொதித்துத் தெறிக்கும்.

தளத்துக்கு நூறு என்று அனுப்பினேன்.

"நூறுடி அல்லி. சயின்ஸ் படிக்காமயே சயின்டிஸ்ட் ஆயிட்டேன். நீ படிச்சு என்னத்தக் கண்ட?"

"நாளைக்குக் காலையிலேயே எடுத்துரு. வெளிச்சம் நல்லாருக்கும்" என்றேன்.

வியாழக்கிழமை நீலமேகம் தளத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். டீ குடிக்கப் போனார். கேமராவில் முகம் தெரிய வேண்டுமென்று நிலா பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறாள்.

சத்தம் கேட்டபோது பக்கத்து அறையில் இருந்தேன். தளத்தில் இருந்த நூறைத் தொண்ணூறாக மாற்றினேன். பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். பதிவு சரியாக இருக்க வேண்டும் அல்லவா. அந்த மாற்றத்தின் நேரத்தைத்தான் நீங்கள் விசாரணையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நூறைப் பார்த்ததாக நீலமேகம் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவருக்கு வேலை போயிற்று.

நிலாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஞாயிறுதோறும் போய்ச் சோறு ஊட்டிவிடுகிறேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அல்லி இல்லன்னா நான் இல்லங்க" என்கிறாள்.

இதை அவள் அன்று மேடையிலேயே சொல்லியிருந்தால், நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்திருக்காது.