மேல்சூடு குறையக் கூடாது

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஒருவர் முதுகு புடைத்த பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மெக்கானிக்.

“ரிப்பேர் பாருங்க தம்பி. ஆனா மேல்சூடு மட்டும் குறையக் கூடாது.”

“சூடேறித்தான அண்ணாச்சி அணைஞ்சி போவுது? ரெண்டு தடவ டிரான்சிஸ்டர் மாத்திட்டேன். அது மேல எதுவும் வைக்கியளா?”

“ஒண்ணும் வைக்கலயே. மழைக்கு நமுத்த குச்சியத் தட்டுல பரப்பி வைப்போம். நல்லாக் காயுது.”

“மருந்து முக்குன குச்சியா?”

“பின்ன, வெறுங்குச்சியையா காய வைப்பாவ?”

மெக்கானிக் மானிட்டரின் மேல்பக்கத்து ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“காத்து போற ஓட்டையெல்லாம் தட்டு அடைச்சிருது அண்ணாச்சி. மானிட்டர் அதுவா அணைஞ்சி போனதாலதான் ஆபீஸ் இன்னும் எரியாம நிக்குது.”

கோவில்பட்டி வந்தது. இறங்கும்போது ஆபீஸ்காரர் கேட்டார்:

“அப்ப அடுத்த மழைக்குக் குச்சிய எங்கன காய வைக்க?”