சாம்பல் அள்ளிய வளவு

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். காட்டுத்தீயில் கிடுகு வேய்ந்த வீட்டைப் பறிகொடுத்தவள் இளையவள்.

“நான் கூட்டியிருக்கக் கூடாதக்கா.”

“என்னத்தைப் பிள்ளை?”

“எரிஞ்ச வீட்டைத்தான். நட்டஈட்டுக்குப் பார்க்கப் பிரதேச செயலகத்தால ஒருத்தர் வாறாரெண்டு எங்கட ஊர் விதானையார் சொன்னவர். விடியவே எழும்பி, சாம்பல், கரியெல்லாம் அள்ளிக் கொட்டி, தண்ணி தெளிச்சு, பக்கத்து வீட்டில கதிரை வாங்கி, அவர் இருக்கப் போட்டனான்.”

“வந்தவர் என்ன சொன்னவர்?”

“கதிரையில இருந்து சுத்திப் பார்த்திட்டு, ‘வீடு எங்கம்மா இருந்தது?’ எண்டு கேட்டவர். காட்ட ஒண்டுமில்லை.”

“கொஞ்சம் சாம்பலையாவது விட்டிருக்கலாமே, பிள்ளை.”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வீட்டுக்கு ஆள் வரக்குள்ள கூட்டாம இருக்க ஏலுமாக்கா?”